தாய்மைக்கு அபராதமா? பணியிடத்தில் பெண்கள்: ஒரு வரலாற்றுப் பார்வை

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலம். வெளியூரிலிருந்து வந்த வணிகக் கூட்டம் ஒன்று மதீனாவின் தொழுகைத் திடலில் தங்கியிருந்தது. அவர்களுடைய பொருள்கள் களவு போய்விடாமல் காப்பதற்காகக் கலீஃபா அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் இரவெல்லாம் விழித்திருந்தனர். அப்போது ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டது. உமர் (ரலி) அவர்கள் அதன் தாயிடம் சென்று, அல்லாஹ்வை அஞ்சிக் குழந்தையைக் கவனித்துக்கொள்ளுமாறு கூறித் திரும்பினார்கள். சற்று நேரத்தில் மீண்டும் அழுகை. மீண்டும் சென்று சொன்னார்கள். இரவின் பிற்பகுதியிலும் அழுகை ஓயவில்லை. மூன்றாம் முறை சென்று கடிந்துகொண்டபோது, கேட்பவர் யாரென்று அறியாத அந்தப் பெண் உண்மையைச் சொன்னார்: குழந்தைக்குப் பால் மறக்கடிக்க முயல்கிறேன், அது மறுக்கிறது, பால் மறந்த குழந்தைகளுக்கு மட்டும்தானே உமர் உதவித்தொகை வழங்குகிறார்!

அன்றைய ஃபஜ்ருத் தொழுகையில் கலீஃபா அவர்களின் கிராஅத், அழுகையால் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. தம்முடைய ஆணையால் எத்தனைக் குழந்தைகள் மடிந்தனவோ என்று அவர்கள் தம்மையே நொந்துகொண்டார்கள். உடனே விதி மாற்றப்பட்டது. பிறந்த நாள் முதலே ஒவ்வொரு குழந்தைக்கும் பைத்துல் மாலிலிருந்து உதவித்தொகை உண்டு என்றும், எவரும் அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்க வேண்டாம் என்றும் ஊரெங்கும் அறிவிக்கப்பட்டது. இப்னு சஅத் (ரஹ்) அவர்கள் தமது 'தபகாத்' நூலில் பதிவு செய்துள்ள நிகழ்வு இது.

இந்நிகழ்வை நாம் பலமுறை பயான்களில் கேட்டிருக்கிறோம். கலீஃபாவின் இறையச்சத்துக்கும் எளிமைக்கும் சான்றாகவே இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆயினும் இதில் இன்னொரு பாடமும் உண்டு. உமர் (ரலி) அவர்கள் வகுத்த முதல் விதி தீய நோக்கத்தில் எழுந்ததன்று. குழந்தைகளுக்கு உதவுவதற்காகவே அது வகுக்கப்பட்டது. ஆனால், நல்ல நோக்கத்தோடு வகுக்கப்பட்ட அவ்விதியே ஒரு தாயைத் தன் உடலுக்கும் தன் குழந்தைக்கும் எதிராகச் செயல்படத் தூண்டியது. பசிக்கும் தாய்மைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி எவரும் அந்தப் பெண்ணுக்குக் கட்டளையிடவில்லை. விதியின் அமைப்பே அவரை அந்நிலைக்குத் தள்ளியது.

பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர், தொழிற்சாலைகளின் உலகில் இதே நிலை மீண்டும் மீண்டும் உருவானது. அவ்வரலாற்றை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

காரீயமும் தாய்மாரும்

காரீயம் மனித உடலுக்கு நஞ்சு என்பது மிகப் பழைய அறிவு. அது கருவையும் பாதிக்கும் என்பதை 19ஆம் நூற்றாண்டின் மருத்துவர்கள் ஐயத்திற்கிடமின்றிக் கண்டறிந்தனர். 1860இல் பிரெஞ்சு மருத்துவர் கான்ஸ்டன்டின் பால், காரீயத் தொழிலில் ஈடுபட்ட குடும்பங்களில் கருச்சிதைவும் குழந்தை இறப்பும் மிகுதியாக நிகழ்வதைப் பதிவு செய்தார். அவருடைய பதிவில் ஒரு முக்கியமான செய்தி இருந்தது: தந்தை மட்டும் காரீயத்தில் வேலை செய்த குடும்பங்களிலும் இத்தகைய இழப்புகள் காணப்பட்டன. எனவே, இந்நஞ்சு தாயின் வழியாக மட்டும் குழந்தையைச் சேர்வதில்லை என்பதற்கான சான்று அன்றே கிடைத்துவிட்டது.

ஆனால் உலகம் அச்சான்றின் ஒரு பாதியைத்தான் எடுத்துக்கொண்டது. பிரிட்டனில், காரீயத்திலிருந்து வெள்ளைச் சாயம் தயாரிக்கும் ஆலைகளில் ஏழைப் பெண்கள் ஏராளமாகப் பணியாற்றினர். 1898இல் அந்த ஆலைகளின் அபாயகரமான வேலைகளிலிருந்து பெண்கள் விலக்கப்பட்டனர். நஞ்சு அங்கேயே இருந்தது. ஆண்கள் அதனைத் தொடர்ந்து சுவாசித்தனர். பெண்கள் கூலியை இழந்தனர்.

அமெரிக்காவிலும் இதே சிந்தனை வேரூன்றியது. 1905இல் அடுமனைத் தொழிலாளர்களின் வேலை நேரத்தைக் கட்டுப்படுத்திய நியூயார்க் மாநிலச் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1908இல், சலவைத் தொழிலில் பெண்களின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 10 மணி நேரமாக வரையறுத்த ஓரிகன் மாநிலச் சட்டத்தை அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பெண் என்பவள் தாயாகக்கூடியவள், அவளது உடல்நலம் அடுத்த தலைமுறையின் நலன் என்பது நீதிமன்றம் கூறிய காரணம். களைத்துப்போன பெண்களுக்கு அத்தீர்ப்பு நிம்மதி தந்தது உண்மை. அதே வேளையில், பெண்ணைத் தனிவகையாகப் பிரித்துச் சட்டமியற்றும் வழியும் அதனால் திறந்தது.

அவ்வழி எங்கே சென்றது என்பதை 1924ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பு காட்டுகிறது. நியூயார்க் மாநிலத்தின் பெருநகர உணவகங்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பெண்கள் வேலை செய்யக்கூடாது என்ற சட்டத்தை உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் பாடகியருக்கும் மேடைக் கலைஞர்களுக்கும் அச்சட்டத்தில் விலக்கு இருந்தது. உணவு பரிமாறும் பெண்ணின் உடல்நலத்தைக் கெடுக்கும் இரவு, பாடும் பெண்ணின் உடல்நலத்தைக் கெடுக்காதா? இக்கேள்விக்கு அச்சட்டத்தில் விடை இல்லை. பாதுகாப்பு என்ற சொல்லுக்குள் வேறு கணக்குகளும் இருந்தன என்று கருதுவதற்கு இதுவே போதுமானது.

வேலையா, கருப்பையா?

1970களில் அமெரிக்கப் பெண்கள், நல்ல ஊதியம் தரும் கனரகத் தொழில்களில் நுழையத் தொடங்கினர். 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்திருந்தது. 1978இல் நிறைவேறிய மற்றொரு சட்டம், கர்ப்பத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதையும் தடுத்தது. இதே காலகட்டத்தில்தான், கருவைக் காக்கும் கொள்கை என்ற பெயரில் பல நிறுவனங்கள் புதிய விதிகளை வகுத்தன.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் வில்லோ ஐலண்டு என்னும் இடத்தில் அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தின் ஆலை இருந்தது. காரீயச் சாயங்கள் தயாரிக்கும் பிரிவில், கருவுறும் வயதிலுள்ள பெண்கள் இனிப் பணியாற்ற முடியாது என்று 1978இல் அந்நிறுவனம் அறிவித்தது. அறுவை சிகிச்சையின் மூலம் கருவுறும் தன்மையை இழந்த பெண்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஐந்து பெண்கள் அந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டனர். அவர்களுக்கு அவ்வேலையின் ஊதியம் தேவைப்பட்டது. அரசின் தொழிலகப் பாதுகாப்புத் துறை 1979இல் நிறுவனத்திற்கு 10,000 டாலர் அபராதம் விதித்தது. ஆயினும் அது மேல்நிலையில் ரத்து செய்யப்பட்டது. அப்பெண்களின் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கிலும், இக்கொள்கை தொழிலகப் பாதுகாப்புச் சட்டம் குறிப்பிடும் ஆபத்து என்ற வரையறைக்குள் வராது என்றே 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. இதற்கிடையே அந்தச் சாயப் பிரிவே மூடப்பட்டது. அறுவை சிகிச்சை செய்துகொண்டும் அவ்வேலை அவர்களுக்கு நிலைக்கவில்லை.

மதீனாவின் அந்தத் தாயை இங்கே நாம் நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. அவர் குழந்தையிடமிருந்து பாலை விலக்கினார். இவர்கள் இனிப் பிறக்கக்கூடிய குழந்தைகளையே விட்டுக்கொடுத்தனர். தக்க காரணமின்றிக் கருவுறும் ஆற்றலை நிரந்தரமாக அழித்துக்கொள்வதை நம் மார்க்க அறிஞர்கள் பெரும்பாலோர் தடுத்தே வந்துள்ளனர். அத்தகைய இழப்பை வேலைக்கான தகுதியாக ஒரு நிறுவனம் வகுக்குமெனில், அங்கே காக்கப்படுவது எது?

இதே பத்தாண்டில் நிகழ்ந்த இன்னொரு நிகழ்வையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1977இல் கலிஃபோர்னியாவின் லாத்ரோப் நகரில், டி.பி.சி.பி. என்னும் பூச்சிக்கொல்லியைத் தயாரித்த ஆலையின் ஆண் தொழிலாளர்கள், தங்களுக்குக் குழந்தைப் பேறு இல்லாதது குறித்துத் தமக்குள் பேசிக்கொண்டனர். பரிசோதனையில் பலருக்கு விந்தணுக்கள் மிகக் குறைந்தோ முற்றிலும் அற்றோ போயிருந்தது தெரியவந்தது. அதன்பின் ஆண்களை ஆலையிலிருந்து விலக்க வேண்டும் என்று எவரும் கூறவில்லை. அந்த நஞ்சுதான் விலக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அந்நாட்டில் அதன் பெரும்பாலான பயன்பாடுகள் நிறுத்தப்பட்டன. ஆண்கள் பாதிக்கப்பட்டபோது வேதிப்பொருள் வெளியேறியது; பெண்களுக்கு ஆபத்து என்றபோது பெண்கள் வெளியேற்றப்பட்டனர்.

1991ஆம் ஆண்டுத் தீர்ப்பு

ஜான்சன் கன்ட்ரோல்ஸ் நிறுவனம் பேட்டரிகளைத் தயாரித்து வந்தது. பேட்டரியின் முதன்மை மூலப்பொருள் காரீயம். தொடக்கத்தில், ஆபத்தை எடுத்துரைத்து முடிவைப் பெண்களிடமே விட்டிருந்த நிர்வாகம், 1982இல் தன் கொள்கையை மாற்றியது. தனக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பில்லை என்று மருத்துவச் சான்று தர இயலாத எந்தப் பெண்ணும் காரீயம் தொடர்பான வேலையில் இருக்கக்கூடாது. அவ்வேலைக்குப் பதவி உயர்வின் வழியாக இட்டுச்செல்லும் வேலைகளிலும் இருக்கக்கூடாது. திருமணமாகாதவர், குழந்தை பெறும் எண்ணமே இல்லாதவர் என எவருக்கும் இதில் வேறுபாடு இல்லை.

1984இல் தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தனர். வழக்காடியவர்களில், வேலையைக் காத்துக்கொள்ளக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண் இருந்தார். ஐம்பது வயதில் வேறு வேலைக்கு மாற்றப்பட்டு வருமானத்தை இழந்த பெண் ஒருவரும் இருந்தார். மூன்றாமவர் ஓர் ஆண். தந்தையாக விரும்பிய அவர், தம் இரத்தத்தில் சேர்ந்திருந்த காரீயத்தின் அளவு குறையும் வரை விடுப்பு வேண்டும் என்று கேட்டார். அது மறுக்கப்பட்டது. கேட்காத பெண்களைக் கட்டாயமாக விலக்கிய கொள்கை, கேட்ட ஆணுக்குச் சில காலம் விலகியிருக்கவும் இடம் தரவில்லை.

கீழ் நீதிமன்றங்கள் நிறுவனத்தின் பக்கமே நின்றன. 1991 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அம்முடிவைச் செல்லாது என்று அறிவித்தனர். முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹேரி பிளாக்மன். காரீயம் ஆண்களின் இனப்பெருக்க நலனையும் பாதிக்கும் என்பதற்குச் சான்றுகள் இருந்தும், இக்கொள்கை பெண்களை மட்டுமே குறிவைக்கிறது என்று அத்தீர்ப்பு சுட்டியது. பிறக்கவிருக்கும் குழந்தையின் நலன் குறித்து முடிவெடுக்க வேண்டியவர்கள் அதனைப் பெற்று வளர்க்கும் பெற்றோரே. அவர்களை வேலைக்கு அமர்த்துவோர் அல்லர் என்பது அதன் சாரம்.

இத்தீர்ப்பு முழுமையான தீர்வாகிவிடவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். பெண்களை விலக்கக்கூடாது என்று அது கூறியது. காற்றிலுள்ள காரீயத்தை அகற்று என்று அது கூறவில்லை. நச்சுக்காற்றைச் சுவாசிப்பதில் கிடைக்கும் சமத்துவத்தை எவரும் விரும்பிக் கேட்க மாட்டார்கள். பெண்ணை விலக்காத நீதி, நஞ்சை அகற்றும் பொறுப்பு ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு நிறைவு பெறும்.

நம் நாட்டின் அனுபவம்

பிரசவத்திற்கு முன்னும் பின்னும் ஆறு ஆறு வாரங்கள் விடுப்பும் அக்காலத்திற்கான உதவித்தொகையும் வேண்டும் என்று 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை வகுத்தது. இந்தியாவில் என்.எம். ஜோஷி 1924இல் கொண்டுவந்த மகப்பேறு உதவி மசோதா நிறைவேறவில்லை. பின்னர் 1929இல் பம்பாய் மாகாணமும், அடுத்த சில ஆண்டுகளில் மதராஸ் மாகாணமும் தத்தம் சட்டங்களை இயற்றின. நாடு முழுமைக்குமான மகப்பேறு நலச் சட்டம் 1961இல் வந்தது. 2017இல் அது திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரங்களாக உயர்ந்தது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் இடங்களில் குழந்தைக் காப்பகம் கட்டாயமாக்கப்பட்டது.

நீதிமன்றங்களும் தம் பங்கை ஆற்றின. முதல் முறை கருவுற்றவுடன் விமானப் பணிப்பெண்ணின் வேலை முடிந்துவிடும் என்ற ஏர் இந்தியாவின் விதியை உச்ச நீதிமன்றம் 1981இல் நீக்கியது. நாட்கூலியாகப் பணியாற்றும் பெண்களுக்கும் மகப்பேறு உதவி உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது.

ஆயினும் சட்டம் எட்டாத இடங்கள் உள்ளன. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் ஏராளமான குடும்பங்கள் கரும்பு வெட்டச் செல்கின்றன. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே அலகாக ஒப்பந்தம் செய்யப்படுகின்றனர். ஒரு நாள் வேலைக்கு வரவில்லையென்றால் அபராதம். மாதவிடாய் வலியும் கர்ப்பமும் அங்கே கடனாக மாறுகின்றன. 2019இல் மாநில அரசு அமைத்த குழு அம்மாவட்டத்தில் ஏறத்தாழ 82 ஆயிரம் பெண்களிடம் விவரம் திரட்டியபோது, அவர்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கருப்பை அகற்றும் அறுவை செய்துகொண்டிருந்தது தெரியவந்தது. எல்லோரும் ஒரே காரணத்திற்காகச் செய்துகொண்டனர் என்று சொல்ல முடியாது. ஆனால், விடுப்பற்ற வேலையும் அபராதமும் அவர்களில் பலரை அம்முடிவை நோக்கித் தள்ளின என்பதை அப்பெண்களே எடுத்துரைத்துள்ளனர். வில்லோ ஐலண்டில் நிறுவனம் வெளிப்படையாக வகுத்த நிபந்தனையை இங்கே வறுமை சத்தமின்றி வகுத்துவிட்டது.

மார்க்கம் வைக்கும் அளவுகோல்

தாய் தன் குழந்தையைப் பலவீனத்தின் மேல் பலவீனமாகச் சுமப்பதை அல்லாஹ் தன் திருமறையில் (31:14) நினைவூட்டுகிறான். பாலூட்டும் சட்டத்தைப் பேசும் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனமோ, எந்தத் தாயும் அவளுடைய குழந்தையின் காரணமாகத் துன்புறுத்தப்படலாகாது என்று விதிக்கிறது. தந்தைக்கும் அதே பாதுகாப்பை வழங்குகிறது. பால் மறக்கடிக்கும் முடிவையும் இருவரின் மனவொப்பத்திற்கும் கலந்தாலோசனைக்கும் விடுகிறது. பிள்ளைப் பேற்றின் காரணமாக வேலையை, ஊதியத்தை, உடலின் நலனை இழக்கச் செய்யும் எந்த ஏற்பாட்டையும் இவ்வசனத்தின் முன் நிறுத்திப் பார்க்க நாம் கடமைப்பட்டுள்ளோம். தீங்கிழைப்பதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்ற நபிமொழி அடிப்படையிலான சட்ட விதியும் இதையே வலியுறுத்துகிறது.

மத்யனில் மூசா (அலை) அவர்கள் கண்ட காட்சியையும் எண்ணிப் பார்க்கலாம். தண்ணீர்த் துறையில் ஆண்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, இரு பெண்கள் தம் ஆடுகளைத் தடுத்து நிறுத்தியபடி ஒதுங்கி நின்றனர். மூசா (அலை) அவர்கள் அவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. உங்கள் நிலை என்ன என்று முதலில் கேட்டார்கள். காரணத்தை அறிந்தபின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிக் கொடுத்தார்கள். பாதுகாப்பு என்பதன் அழகிய இலக்கணம் இது: கேட்டறிதல், பிறகு சுமையைக் குறைத்தல்.

செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கும் மதீனாவின் நிகழ்வில் விடை உண்டு. குழந்தைக்கான உதவித்தொகை பைத்துல் மாலிலிருந்து, அதாவது சமூகத்தின் பொது நிதியிலிருந்து சென்றது. மகப்பேற்றுச் செலவு முழுவதையும் ஒரு முதலாளியின் தலையில் மட்டும் சுமத்தினால், அவர் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குவார். இதனை உணர்ந்துதான், 2000ஆம் ஆண்டின் சர்வதேச மகப்பேற்றுப் பாதுகாப்பு உடன்படிக்கை, உதவித்தொகை சமூகக் காப்பீடு அல்லது பொது நிதியின் வழியாக வழங்கப்பட வேண்டும் என்ற நெறியை வகுத்துள்ளது. நம் நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டம் இவ்வழியில் இயங்குகிறது. ஆனால் அதன் எல்லைக்கு வெளியே நிற்போர் ஏராளம்.

நம்மை நோக்கிய கேள்வி

இவ்வரலாற்றைப் படித்துவிட்டு, அமெரிக்க ஆலைகளையும் கரும்பு ஒப்பந்தக்காரர்களையும் குறைகூறிவிட்டு நகர்வது எளிது. நம் கடைகளில், நம் தோல் தொழிற்கூடங்களில், நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளில், பெண்கள் மதரஸாக்களில் பணியாற்றும் சகோதரிகளின் நிலை என்ன? ஓர் ஆலிமா கருவுற்றால் அவருக்கு ஊதியத்துடன் விடுப்பு கிடைக்கிறதா, அல்லது துஆவோடு விடைகொடுத்து அனுப்பிவிட்டு வேறொருவரைத் தேடுகிறோமா? பிரசவத்துக்குப் பின் திரும்பி வரும் ஆசிரியைக்குப் பாலூட்ட ஓர் அறையும் அரைமணி நேரமும் ஒதுக்கியிருக்கிறோமா? வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் நம் தாய்மாருக்குச் சட்டம் வழங்கியுள்ள மகப்பேறு உரிமையை நம் ஜமாஅத்துகள் எடுத்துச் சொல்கின்றனவா? புகையிலைத் தூசியைச் சுவாசிக்கும் கர்ப்பிணிக்கு ஜமாஅத்தின் பொது நிதியிலிருந்து மூன்று மாதக் கூலியேனும் தரும் ஏற்பாடு நம் ஊரில் உண்டா?

பெண்களின் பாதுகாப்பு குறித்து நாம் அதிகம் பேசுகிறோம். பெண் வேலைக்கே போகாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று சொல்லிவிடுவோரும் நம்மிடையே உள்ளனர். வேலைக்குப் போகாமலிருக்க வசதியுள்ளவருக்கு அது ஓர் அறிவுரையாக இருக்கலாம். விதவைக்கும், நோயுற்ற கணவனைத் தாங்கும் மனைவிக்கும், கல்வியால் சமூகத்திற்குப் பயன்பட விழையும் சகோதரிக்கும் அது விடையாகாது. அவர்களுக்கு நாம் தரவேண்டியது நஞ்சற்ற பணியிடமும் நிலையான ஊதியமும், தம் உடல் குறித்துத் தாமே முடிவெடுக்கும் கண்ணியமும் ஆகும்.

அமீருல் முஃமினீன் அவர்கள் மூன்று முறை அந்த அழுகுரலை நோக்கி நடந்தார்கள். முதல் இரு முறையும் தாய்க்கு அறிவுரை கூறினார்கள். மூன்றாம் முறைதான் காரணத்தைக் கேட்டார்கள். கேட்டபோது குறை தம்முடைய விதியில் இருப்பதை அறிந்தார்கள். விடிவதற்குள் அதனைத் திருத்த உறுதிபூண்டார்கள். நம் நிர்வாகங்கள் அறிவுரையை நிறுத்திவிட்டுக் காரணத்தைக் கேட்கத் தொடங்கும் நாளை வல்ல அல்லாஹ் விரைவாக்கித் தருவானாக. நம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி நாளை மறுமையில் நாம் விசாரிக்கப்படும்போது, வெட்கமின்றி விடை கூறும் நற்பேற்றை அவன் நமக்கு நல்குவானாக. ஆமீன்.